மருந்தாகக் கட்டிவைக்கப்பட்டவள் மகனுக்கு எழுதுவது

கண்ணு,

செய்யக் கூடாது என்று நீ என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போன காரியத்தை நான் செய்துவிட்டேன். வேலந்தாவளத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு தனியாகப் போனேன். உனக்கு நிச்சயம் பண்ணியிருக்கிற தெய்வானையைப் பார்த்தேன். மழைக்காலத்தில் உனக்கு என்ன வருகிறது, வெயில்காலத்தில் என்ன வருகிறது, அதே நோய் உன் ஐயனுக்கு எப்படி வந்தது என்று ஒன்று விடாமல் அந்தப் பெண்ணிடமே சொல்லிவிட்டு வந்தேன். கோபப்படு. வண்டன்மேட்டு ஏலக்காட்டில் இருந்துகொண்டு எத்தனை கோபப்பட்டாலும் அது நம்ம ஊர் எலப்புள்ளிக்கு வந்து சேரும்போது ஆறித்தான் போயிருக்கும். ஆனால் இதைக் கிழித்துப் போடாமல் கடைசி வரைக்கும் படி. ஒளித்து வைத்துப் படிக்கவும் வேண்டாம். அடுத்த முறை ஊருக்கு வரும்போது உன் பெரியப்பனுக்கும் உரக்கப் படித்துக் காட்டு. அவருக்குக் கண்தான் மங்கியிருக்கிறது, காது நன்றாகவே கேட்கிறது. எழுத்துப்பிழை இருந்தால் சிரித்துக்கொள். தனியாகப் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று என் தம்பி அழுததால் அவனுக்குத் துணையாக என்னை அனுப்பினார்கள். அவன் அழுகையை நிறுத்தியதும் என் படிப்பையும் நிறுத்திவிட்டார்கள். அவன் அழுத வரைக்கும் கற்றதுதான் எனக்கு எழுத்து.

"கல்யாணம் முடியட்டும் அம்மா, அப்புறம் நானே சொல்லிக்கறேன்" என்றாய். அப்புறம் என்ற அந்தச் சொல்லை வைத்துத்தான் என்னை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். உன் ஐயனுக்கு அப்போது இருபது வயசு தாண்டியிருக்கும். இரண்டு மழைக்காலம் அவர் எழுந்திருக்காமல் கிடந்தாராம். உன் ஆத்தா, அதாவது என் மாமியார், குறி கேட்கப் போன இடத்தில், "ஒரு பொண்ணைப் பார்த்துக் கட்டி வையுங்க, தெளிஞ்சுரும்" என்று சொல்லியிருக்கிறார்கள். கஷாயம் கொடுத்துப் பார்த்தார்கள், மந்திரித்துப் பார்த்தார்கள், அடுத்தபடியாக என்னைக் கொடுத்துப் பார்த்தார்கள். என் அப்பனிடம் யாரும் மூச்சு விடவில்லை. கல்யாணத்தன்று விளக்கு ஏற்றச் சொல்லும்போது மாமியார் என் காதில், "உன்ற கைராசியிலதான் எம்பட மகன் தேறணும்" என்றார். தேறுவது என்றால் வெள்ளாமையில் தேறுவது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது பதினைந்து வயசு. அந்தச் சொல்லின் அர்த்தத்தை எனக்கு அன்றைக்கே சொல்லாத ஒவ்வொருவரின் முகமும் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பாதிப் பேர் செத்துப் போனார்கள். செத்துப் போனதற்காக நான் யாரையும் மன்னித்துவிடவில்லை.

எங்கள் கல்யாணம் மாசியில் நடந்தது. மாசியில் உன் ஐயனைப் பார்த்திருந்தால் ராஜாவே தோற்றுப் போவான் என்று சொல்லுவாய். விடிவதற்கு முன்னால் கிணற்றில் எருது பூட்டிக் கவலை ஓட்டி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து, பாடிக்கொண்டே எனக்கு நுங்கு சீவிக் கொடுப்பார். போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு மோர் குடிக்கச் சொல்வார். இப்படி ஒரு சந்தோஷமான ஆம்பிளை யாருக்குக் கிடைக்கும் என்று நான் இறுமாந்து போயிருந்தேன். பிறகு ஆடி வந்தது. ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள் இல்லையா, என் அப்பனும் வந்து அழைத்துப் போனார். நான் அங்கே பணியாரம் தின்றுகொண்டு, புருஷன் ஞாபகத்தில் தோழிகளிடம் பீற்றிக்கொண்டு கிடந்தேன். ஆவணியில் திரும்பி வந்தால் உன் ஐயன் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். தாடி வளர்ந்திருக்கிறது. கன்றுக்குட்டி ஒன்று அவர் முதுகை நக்கிக்கொண்டிருக்கிறது, அதை விரட்டக்கூட அவருக்குக் கை எழவில்லை. "நீ போன நாள்ல இருந்து இப்படித்தான். என்ன பண்ணிட்டுப் போன?" என்று மாமியார் என்னைக் கேட்டார். யோசித்துப் பார் கண்ணு. பெண் பார்ப்பது கோடையில். கல்யாணம் கோடையில். நோய் வருகிற மாசத்தில் பெண்ணை ஊரைவிட்டே அனுப்பிவிடுகிறார்கள். ஒருவரும் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் பொய் தானாக நடந்து முடிந்துவிட்டது.

அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எங்கெங்கே நோவுது?" என்று கேட்டேன். சுவரைப் பார்த்தபடியே, "நோவே இல்ல புள்ள. நோவு இருந்தாத் தேவலாம். உள்ள ஒண்ணுமே இல்ல" என்றார். அந்தப் பேச்சை நான் மறக்கவே இல்லை. சோம்பேறி என்று அண்ணன் சொன்னார், அதாவது உன் பெரியப்பன். செய்வினை என்று ஊர் சொன்னது. கோடாங்கியைக் கூட்டிவந்து உடுக்கை அடித்து, வேப்பங்குழையால் அவர் முதுகில் விளாசினார்கள். "யாருடா நீ, சொல்லு, எந்த மரத்துல இருந்து வந்த?" என்று கோடாங்கி கேட்கக் கேட்க, அவர் அடியை வாங்கிக்கொண்டு தலை நிமிராமல் இருந்தார். பேய் பிடித்தவன் என்றால் உள்ளே இன்னொரு ஆளாவது இருப்பான். இவருக்குள் இவரே இல்லை, யாரை விரட்டுவது? குழையைப் பிடுங்கி எறிய அன்றைக்கு எனக்குத் தைரியம் இல்லை. புதுப்பெண் இல்லையா. பின்னால் வந்தது தைரியம். அது வந்த பிறகு போகவே இல்லை, உனக்கே தெரியும்.

மழை விட்டு, ஐப்பசி கார்த்திகை கழிந்தால் மெல்ல எழுந்து நடமாடுவார். தையில் நல்ல மனுஷர். மாசி பிறந்துவிட்டால் மறுபடியும் அந்தக் கொள்ளைச் சிரிப்பு. ஒரு வருஷம் சந்தைக்கு எருது வாங்கப் போனவர் குதிரை வாங்கிக்கொண்டு வந்தார். எங்கள் வம்சத்திலேயே யாரும் குதிரை ஏறியதில்லை. அதற்கு என்ன தீனி போடுவது என்று ஒருத்தருக்கும் தெரியாது. "ஏன்டா, இதைக் கவலையில பூட்டுவியா, கலப்பையில பூட்டுவியா?" என்று உன் ஆத்தா கேட்டதற்கு, "இதுல ஏறிக் காசிக்கே போலாம்மா, நீயும் பின்னால உக்காந்துக்க" என்றார். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, சிரிக்கும்படியாகத்தான் இருந்தது. அந்தக் குதிரை உன் பெரியப்பனைக் கடித்தது. அந்த ஒரு காரியத்துக்காக எனக்கு அதன்மேல் இன்றைக்கும் மரியாதை உண்டு.

பங்குனியில் மாரியம்மன் நோம்பி வரும். கோயில் முன்னால் மூன்று கிளை பிரிந்த முக்கவர்க் கம்பம் நட்டு, அதைச் சுற்றிப் பறைக்கு ஆடுவார்களே, அந்த ஆட்டத்துக்கு உன் ஐயனை விட்டால் ஆள் இல்லை. மற்றவர்கள் சுற்றுக்குச் சுற்று மாறி மாறி ஆடுவார்கள். இவர் கம்பம் நட்ட நாள் முதல் பிடுங்கும் நாள் வரைக்கும் நிற்க மாட்டார், சோறு தின்ன மாட்டார், கண் மூட மாட்டார். "ஆத்தா இறங்கிட்டா" என்று சொல்லிப் பெண்கள் அவர் காலில் தண்ணீர் ஊற்றுவார்கள். சுற்றுப்பட்டு ஊர்களில் இருந்தெல்லாம் பார்க்க வருவார்கள். அதனால் உன் பெரியப்பனுக்குக் கோயிலில் முதல் மரியாதை. மழையில் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் அது நோய், கெட்ட கிரகம், என் கால் ராசி. கோடையில் தூக்கமில்லாமல் ஆடினால் அது தெய்வம். ஒரே கயிற்றின் இரண்டு நுனி என்று ஒருவருக்கும் படவில்லை. எனக்கும்தான் படவில்லை.

அதைச் சொன்னவர் சித்தூருக்கு மேற்கே இருந்த ஒரு மலையாளத்து வைத்தியர். நீ பிறந்த வருஷம், ஆடியில், அவர்கள் கர்க்கடகம் என்பார்களே, அந்த மாசத்தில் உன் ஐயனை வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். பெரியப்பனும் கூட வந்தார். வைத்தியர் நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், பிறகு அவர் கிடக்கிற கிடப்பைப் பற்றிக் கேட்காமல் வேறு ஒன்று கேட்டார்.

"இவன் சந்தோஷமாயிட்டு இருக்கும்போ உறங்குமோ?"

பெரியப்பன் பெருமையாக, "ஒரு பொட்டுத் தூங்க மாட்டானுங்க. அத்தனை சுறுசுறுப்புங்க. எங்க ஊர்க் கம்பத்துக்கு அவன்தானுங்க" என்றார்.

"அப்போழல்லே கொண்டுவரணும். இப்போ தீ அணைஞ்சு சாம்பலாச்சு. சாம்பலுக்கு நான் எந்து செய்யும்? எரியும்போ கொண்டு வா."

"சிரிக்கறவனுக்கு எதுக்குங்க வைத்தியம்?" என்று பெரியப்பன் சிரித்தார்.

வைத்தியர் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "குட்டிக்கு மனசிலாயோ?" என்றார், புரிந்ததா என்று. எனக்கு மனசிலாயிற்று கண்ணு. வண்டியில் திரும்பி வரும் வழியெல்லாம் நீ என் மடியில் தூங்கிக்கொண்டு வந்தாய், நான் ஒவ்வொரு மாசியாக, ஒவ்வொரு ஆடியாகக் கூட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். எந்த வருஷம் கோடையில் கூடுதலாக ஆடினாரோ அந்த வருஷம் மழையில் கூடுதலாகக் கிடந்திருக்கிறார். குதிரை வாங்கிய வருஷம்தான் தை வரைக்கும் எழாமல் கிடந்தது. நாங்கள் எல்லாரும் கூடி அவர் சிரிப்பைத் தின்றுவிட்டு, அழுகைக்கு மட்டும் மருந்து தேடிக்கொண்டிருந்தோம்.

அடுத்த பங்குனியில் கம்பம் நட்ட அன்று மத்தியானம், பெரியப்பன் ஊர்ப் பெரியவர்களோடு பறையடித்துக்கொண்டு நம் வாசலுக்கு வந்தார். கையில் புது வேட்டி. உன் ஐயன் உள்ளே இருந்து சத்தம் கேட்டுத் துள்ளிக்கொண்டிருக்கிறார். நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவை வெளியே தாழிட்டு, நிலைப்படியில் நின்றுகொண்டேன்.

"அவர் இந்த வருசம் ஆட வர மாட்டாருங்க" என்றேன்.

"ஆத்தா கேக்கறா, நீ யாரு வேண்டாங்கறதுக்கு?" என்றார் பெரியப்பன்.

"ஆத்தா எல்லாருக்கும் ஆத்தாதானுங்களே. உங்க மேலயும் இறங்குவா. நீங்க ஆடுங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பை உன் பெரியப்பன் இன்னும் மறக்கவில்லை. "பொட்டச்சி வாசப்படியில நின்னு சாமியத் தடுக்கறா, இந்த ஊருக்கு மழை பேயுமா?" என்று ஒருவர் கேட்டார். "பேயாட்டிப் போகுது" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம்தான், ஆனால் சொன்னேன். அந்த வருஷம் மழை குறைந்தது. ஊர்க் கிணற்றடியில் எனக்குத் தண்ணீர் இறைக்க வழி விடவில்லை. உன் ஆத்தா என்னோடு பேசாமல் இருந்தே செத்துப் போனார். நான் மட்டும் மறுநாள் விடிந்ததும் உன் ஐயனை வண்டியில் ஏற்றி, அவர் பாடப் பாட, திட்டத் திட்ட, வைத்தியர் வீட்டில் கொண்டுபோய் இறக்கினேன்.

பலகையில் படுக்கவைத்து, மேலே சட்டியைத் தொங்கவிட்டு, அதில் இருந்து மருந்து போட்டுக் காய்ச்சிய மோரை நெற்றியில் நூல் பிடித்தது போல ஒழுகவிடுவார்கள். தாரை என்று பெயர். முதல் நாள் என்னையும் வைத்தியரையும் சேர்த்து வைதார். இரண்டாம் நாள் அரைகுறையாக வைதார். அப்புறம் தூங்கினார். அத்தனை நாள் பார்க்காத தூக்கத்தை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அதோடு தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. இது தீர்கிற நோய் இல்லை என்று வைத்தியரே சொன்னார். திரும்ப வரும், வருகிற வழியில் போய் நின்றுகொள், அவ்வளவுதான் என்றார். மாசி பிறந்தால் நான் அவர் தூக்கத்தைத்தான் பார்ப்பேன். கள்ளு கூடாது, பறைச்சத்தம் கூடாது, வேளைக்குச் சோறு, வேளைக்குப் படுக்கை, தூக்கம் குறைந்தால் வண்டி. மழைக்காலம் அதற்குப் பிறகும் வந்தது. கிடந்தார். ஆனால் முன்போல ஆழத்தில் கிடக்கவில்லை, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் கிடந்தார். சோறு ஊட்டினால் தின்றார். எழுந்து வந்தார். கடைசியில் மலைக்காய்ச்சலில்தான் போனார், மற்ற மனுஷர்கள் போவது போல. அவரைக் கிணற்றில் இருந்து தூக்க வேண்டி வரவில்லை. இதை நான் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை, இப்போது உனக்குச் சொல்கிறேன்.

சந்தோஷம் என்றால் என்ன என்று நீ போன மாசியில் எனக்குப் பாடம் எடுத்தாய், ஞாபகம் இருக்கிறதா? "எனக்கு நெஞ்செல்லாம் வெளிச்சமா இருக்குதும்மா, இதுதான் சந்தோசம், உனக்கெல்லாம் தெரியாது" என்றாய். எனக்குத் தெரியும். உன் ஐயன் ஆடிய காலத்தில் நான் எதைப் போட்டாலும் அமிர்தம் என்பார். கிடந்த காலத்தில் மண்ணைப் பிசைந்து வைத்தாலும் தின்பார். வைத்தியம் பார்த்த மூன்றாம் வருஷமோ என்னவோ, ஒரு நாள் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்துவிட்டு, "என்ன புள்ள, புளிக்குழம்புல உப்பே இல்ல" என்றார். நான் அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அதுதான் சந்தோஷம். உப்பு இல்லை என்றால் இல்லை என்று தெரிவது, அதைச் சொல்லத் தோன்றுவது, போட்டுக்கொண்டு மேலே தின்பது. நெஞ்செல்லாம் வெளிச்சமாக இருப்பதற்குப் பெயர் வேறு.

இனி உன் கதை. போன ஆடியில் ஏலக்காட்டுக் கணக்கப்பிள்ளை வேலையை விட்டுவிட்டு லயத்து வீட்டில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடந்தவனை உன் அக்காள் புருஷன்தான் போய்க் கூட்டிவந்தார். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு நீ சொன்ன பதில் உன் ஐயன் சொன்ன அதே பதில். நீ அதை அவரிடம் கேட்டிருக்க முடியாது. தையில் தேறி மறுபடியும் மலைக்கு அதே வேலைக்குப் போனாய். மாசியில் வந்தாய். ரயிலில் கூட வந்தவர்களை எல்லாம் வீட்டுக்குச் சாப்பிட வரச்சொல்லி, அதில் ஒரு குடும்பம் பெட்டி படுக்கையோடு வந்தே விட்டது. நான் அவர்களுக்குச் சமைத்துப் போட்டேன், நல்ல மனுஷர்கள்தான். நீ தூங்கவில்லை. வைத்தியர் வீட்டுக்குப் போகலாம் வா என்று நான் கூப்பிட்டேன். அந்தப் பழைய வைத்தியர் இல்லை, அவர் மகன் பார்க்கிறார். "எனக்கு என்னம்மா குறை?" என்று சிரித்தாய். நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தபோதுதான் பெரியப்பன் உன்னை வேலந்தாவளத்துக்குப் பெண் பார்க்க அழைத்துப் போனார். அந்தச் சிரிப்போடு, அந்தப் பாட்டோடு. அவருக்கு எது காட்ட வேண்டிய மாசம், எது மறைக்க வேண்டிய மாசம் என்பது நன்றாகத் தெரியும். என்னைக் கொண்டுவந்தபோதே பழகிக்கொண்ட வித்தை. ஆவணியில் கல்யாணம் என்று வெற்றிலை மாற்றிவிட்டு வந்து, "கட்டி வெச்சா எல்லாம் தெளிஞ்சுரும்" என்றார். குறி சொன்ன வாய் வேறு, சொல் அதே சொல். அந்த நிமிஷத்தில்தான் நான் வண்டி கட்டுவது என்று முடிவு பண்ணினேன்.

தெய்வானை களத்தில் மிளகாய் உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் இன்னாரென்று சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்கத்தை, ஊட்டுக்குள்ள வாங்க, அம்மா உள்ள இருக்கறாங்க" என்றாள். "உங்கம்மாகிட்டப் பேச வரல கண்ணு, உன்கிட்டத்தான்" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைக் குறைத்துச் சொல்லவில்லை. நல்ல உழைப்பாளி, மனசு தங்கம், கெட்ட பழக்கம் இல்லை, இந்த நோய் இருக்கிறது, அதற்கு வைத்தியம் இருக்கிறது, உயிர் இருக்கும் வரைக்கும் வைத்தியம் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். அவள் மிளகாயைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "ஏனுங்கத்தை, மாப்பிள்ளையோட அம்மாவே வந்து கல்யாணத்தை நிறுத்தறது இந்தப் பக்கத்துல புதுசுங்க" என்றாள்.

"நிறுத்த வரல. எனக்கு ஒருத்தரும் சொல்லல. உனக்குச் சொல்ல வந்தேன்."

"அன்னைக்கு நெம்பப் பாடுனாருங்க. எங்கப்பன் மயங்கிட்டாரு. எனக்குத்தான் கொஞ்சம் பயமா இருந்துச்சு. சித்த நேரம்கூட மூச்சு விடாமப் பேசினாருங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கவே இல்ல."

அதற்குள் அவள் அப்பன் வந்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் முகம் கறுத்துப் போய், "பெத்த மகனையே பைத்தியம்னு சொல்லிக்கிட்டு ஊர் ஊராப் போறீங்களா?" என்றார். "பைத்தியம்னு நான் சொல்லலீங்க, நீங்க சொல்றீங்க. நான் நோவுன்னு சொன்னேன். காசநோவுன்னா மறைச்சுக் கட்டிக் கொடுத்தாச் சும்மா இருப்பீங்களா?" என்றேன். வெற்றிலையைத் திருப்பி அனுப்புகிறேன் என்றார். அனுப்புங்கள் என்றேன். அப்போது தெய்வானைதான் குறுக்கே பேசினாள். "சித்தெ இருங்கப்பா" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "பொண்ணு பார்க்க உங்க ஊட்டுல இருந்து வந்தாங்க. மாப்பிள்ளை பார்க்க நான் வரட்டுங்களா? கோடையில பார்த்தது போதுமுங்க. ஆடி மழையில வர்றேன். கிடக்கறாருன்னு சொன்னீங்களே, அதைப் பார்த்துட்டு எம்பட பதிலைச் சொல்றேன்" என்றாள்.

ஆடியில் நல்ல காரியத்துக்கு யாராவது படி தாண்டுவார்களா என்று அவள் அப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "ஆடியிலதான் வரணும்" என்று நான் எழுந்துவிட்டேன். பெரியப்பன் காதுக்கு விஷயம் எட்டிவிட்டது. நேற்று வாசலில் நின்று, குலத்தைக் கெடுக்க வந்தவள் என்று என்னை வைதுவிட்டுப் போனார். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன், முறத்தை நிறுத்தவில்லை.

அவள் வேண்டாம் என்றும் சொல்லலாம். சொன்னால் நீ உடைந்து போவாய், தெரியும். அப்போதும் நான் இருப்பேன், வைத்தியர் வீடு இருக்கும், அது போதவில்லை என்றால் கோழிக்கோட்டில் இந்த நோய்க்கென்றே இருக்கிற ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போவேன், வழியில் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். எனக்கு நடந்ததை இன்னொருத்திக்கு நடத்தி உனக்கு ஒரு குடும்பம் கட்டிக்கொடுக்க மட்டும் என்னால் முடியாது. சொல்லாமல் கட்டிவைத்த மருந்து நான். பலித்தேன் என்று இவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். பலித்தது நான் இல்லை. கதவைத் தாழிட்டதும் வண்டி கட்டியதும்தான்.

ஆனி முடிவதற்குள், மலையில் மழை கட்டிக்கொள்வதற்கு முன்னால், துரையிடம் லீவு சொல்லிவிட்டுக் கீழே இறங்கி வா. வைத்தியர் மகனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். தெய்வானை அவள் அத்தையைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வருவாள். அவள் வருகிற நாளில் சவரம் பண்ணிக்கொள்ளவோ, வேட்டி மாற்றவோ, பேசவோ உனக்கு முடிந்தால் செய். முடியாவிட்டால் படுத்தே இரு. அவளுக்காக எழுந்து உட்கார்ந்து சிரித்துக் காட்டாதே. படுத்திருக்கிறவனைப் பார்க்கத்தான் அவள் வருகிறாள்.

உன் அம்மா